அக்காவை ஆய்வில் சேர்க்கலாமா? பகாவ் தம்பிக்கு ஒரு மிஸ்ஸியின் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு 31 வயது. மூன்று வருடமாக லூப்பஸ், அதாவது உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய், இப்போது அது சிறுநீரகத்தையும் பிடித்திருக்கிறது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, மலாயில் 20 பக்கத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மருந்து இலவசம், வழிச்செலவும் உண்டாம். அம்மாவோ ‘என் பிள்ளைய எலியாக்கப் பாக்குறாங்க’ என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ‘சேரலாமா, வேண்டாமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘மூணு வருஷமா அக்காவைப் பாக்குற டாக்டர், முடியாதுன்னு சொன்னா கோவிச்சுக்குவாரோ?’ என்று, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் கடைசிவரை பதில் சொல்லப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 31 ஆண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்தவள். அதில் கடைசி 12 ஆண்டு மூட்டு வாத, தன்னெதிர்ப்பு நோய்களுக்கான கிளினிக்கில் ஆய்வுப் பிரிவில் வேலை. நோயாளிகளிடம் தாளை விளக்கி, ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, வீட்டுக்குப் போன பிறகு போன் அடித்து விசாரிக்கும் வேலை. நானும் தோட்டத்தில் பிறந்தவள், அப்பா பால்மரம் வெட்டினார். உங்கள் அக்காவின் ரத்தப் பரிசோதனையோ அந்த 20 பக்கமோ என் கண்ணில் படவில்லை. ஆகவே ‘சேருங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. எப்படி முடிவெடுப்பது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதலில் அது எந்த வகை ஆய்வு என்று பாருங்கள். ‘ஆய்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல காரியங்கள் இருக்கின்றன. சிலவற்றில் அக்காவின் சிகிச்சையை யாரும் தொடமாட்டார்கள். வழக்கமான ரத்தத்தோடு ஒரு குழாய் கூடுதலாக எடுப்பார்கள், கேள்வித்தாள் நிரப்புவார்கள், பல வருடம் நோயின் போக்கைக் குறித்து வைப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு எலிப் பேச்சே பொருந்தாது. ஆனால் நீங்கள் மருந்து இலவசம் என்றும் வழிச்செலவு என்றும் எழுதியிருப்பதால் இது பெரும்பாலும் மருந்து ஆய்வாக இருக்கும். அப்படியென்றால் எத்தனையாவது கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் மருந்து மனித உடம்புக்குள் போவதே அப்போதுதான். எத்தனை அளவு தாங்கும், என்ன தொல்லை வரும் என்று சிறிய கூட்டத்தில் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்துக்கு வரும்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஏற்கெனவே அந்த மருந்தை எடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல. தாளின் முதல் பக்கத்திலோ இரண்டாம் பக்கத்திலோ இது எழுதியிருக்கும்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். படிக்காதவர் பயம் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே உண்டு.

நூறு வருடத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு செத்து, இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் சீனர்களை வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அபூர்வமாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர், காரணம் சோற்றில் இருக்கிறது என்றார். நம் ஆட்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்றவர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வெறுமனே தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. இன்று நமக்கு இது தெரியும். அன்று பலர் நம்பவில்லை. 1905இல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு ஒரு வகை அரிசி, இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இன்னொரு வகை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெள்ளை அரிசி தின்ற சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற பக்கம் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தக் கதையை நான் பயிற்சி வகுப்பில் கேட்டபோது அழுதுவிட்டேன். ஏனென்றால் இரண்டு உண்மை இதில் சேர்ந்தே இருக்கிறது. ஆட்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததால்தான் பிராடன் சொன்னதற்குக் கையில் பிடிக்கிற சாட்சி கிடைத்தது. பின்னால் எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அதே சமயம், அந்த விடுதியில் வரிசையில் நின்றவர்களிடம் யாரும் ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. கறுப்பின ஏழை ஆண்கள் ஏறக்குறைய 400 பேருக்கு மேகப்புண் நோய் இருந்தும், அது என்ன நோய் என்று சொல்லாமலே 1932 முதல் 1972 வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் நாஜி மருத்துவர்கள் செய்தவற்றை விசாரித்த நீதிமன்றம் 1947இல் எழுதிவைத்த நெறியின் முதல் வரியே, சம்பந்தப்பட்டவரின் சுயசம்மதம் கட்டாயம் என்பதுதான். 1964இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கியில் அதை இன்னும் விரித்து எழுதியது. உங்கள் அக்கா கையில் இருக்கும் 20 பக்கம் இத்தனை பேர் பட்ட வேதனையில் இருந்து வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: எலியிடம் யாரும் தாள் கொடுத்து வீட்டில் போய்க் கலந்து பேசிவிட்டு வா என்று அனுப்புவதில்லை.

இன்றைக்கு மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஆய்வு நடக்க வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு, எம்.ஆர்.இ.சி. என்பார்கள், அது ஒப்புதல் தர வேண்டும். இன்னும் பதிவாகாத மருந்தென்றால் அதை நாட்டுக்குள் கொண்டுவரவே என்.பி.ஆர்.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். தாளின் கடைசிப் பக்கங்களில் அந்த நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அது அலங்காரத்துக்குப் போட்ட எண் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்கத் தயக்கமாக இருந்தால் அங்கே கேட்கலாம், டாக்டரைத் தாண்டிக் கேட்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள். அந்த எண்ணோ ஒப்புதல் விவரமோ தாளில் இல்லாவிட்டால் அந்தத் தாளில் கையெழுத்தே வேண்டாம்.

நீங்கள் கேட்ட இன்னொன்று, ‘வெறும் தண்ணி ஊசி போட்டு விட்டுடுவாங்களா?’ என்பது. நியாயமான கேள்வி. பல ஆய்வுகளில் ஒரு பாதிப் பேருக்குப் புது மருந்தும் மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மருந்தும் கிடைக்கும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கல் போல முடிவு செய்யும். அக்காவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, ஊசி போடும் மிஸ்ஸிக்கும் தெரியாது. ஆனால் சிறுநீரகத்தைப் பிடித்த லூப்பஸ் ஆய்வுகளில் வெற்று மருந்து மட்டும் கொடுத்து யாரையும் விட்டுவைப்பதில்லை. ஸ்டீராய்டு, மைக்கோஃபெனோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போல இன்று எல்லாருக்கும் கொடுக்கும் சிகிச்சை இரண்டு பக்கமும் ஓடும். அதற்கு மேலேதான் புது மருந்தோ வெற்று மருந்தோ வரும். 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெலிமுமாப் என்ற மருந்தை லூப்பஸ் சிறுநீரக நோயில் 448 பேரிடம் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வழக்கமான சிகிச்சையோடு பெலிமுமாப் கிடைத்தவர்களில் 100க்கு 43 பேருக்குச் சிறுநீரகம் எதிர்பார்த்த அளவு தேறியிருந்தது. வழக்கமான சிகிச்சையோடு வெற்று மருந்து கிடைத்தவர்களில் 100க்கு 32 பேருக்கு. இந்த இரண்டு எண்ணையும் அக்கா நன்றாகப் பார்க்க வேண்டும். புது மருந்து உதவியது உண்மை. ஆனால் பத்துப் பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகத் தேறுவது ஒருவர் போலத்தான். வெற்று மருந்துப் பக்கம் விழுந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார். ‘புது ஊசி கிடைச்சா குணமாயிடும், கிடைக்கலேன்னா செத்தோம்’ என்ற நினைப்போடு யாரும் கையெழுத்து வைக்கக் கூடாது.

புது மருந்தென்றால் நல்ல மருந்து என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தின் மேல் எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. லூப்பஸ் சிறுநீரக நோயில் 144 பேரிடம் அதைப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானபோது, வழக்கமான சிகிச்சையைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. ஆனாலும் மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் அதைக் கொடுத்துத்தான் வருகிறார்கள். சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. அதே வழியில் வேலை செய்யும் ஒபினுட்டுஸுமாப் என்ற இன்னொரு மருந்து 271 பேரிடம் பார்த்த ஆய்வில் வென்றது. அந்த ஆய்வு 2025இல் வெளியானது. முழுமையாகத் தேறியவர்கள் 100க்கு 46, எதிர்ப்பக்கம் 33. ஒரே வழி, ஒரு முறை தோல்வி, ஒரு முறை வெற்றி. இப்படித்தான் இந்தத் துறை நகர்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வே தேவையில்லை. உங்கள் டாக்டரிடம் ‘இது கண்டிப்பா வேலை செய்யுமா?’ என்று கேட்டால், நேர்மையானவர் ‘தெரியாது, அதனால்தான் ஆய்வு’ என்பார். ‘கண்டிப்பாக’ என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

உறுதியாகத் தெரிந்தவையும் இருக்கின்றன. அக்கா தினமும் விழுங்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை பழசு. 1950களில் இருந்து லூப்பஸுக்குக் கொடுக்கிறார்கள். அதன் அருமை உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்ததே ஓர் ஆய்வால்தான். 1991இல் கனடாவில், நோய் அடங்கியிருந்த 47 பேரில் சிலருக்கு அதைத் தொடர்ந்து கொடுத்து, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது. 47 பேர்தான், தம்பி. அந்த 47 பேர் ஒப்புக்கொண்டதால், நான் 12 வருடம் எத்தனையோ பெண்களிடம் ‘நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா’ என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அக்கா அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. 1955க்குப் பிறகு லூப்பஸுக்கென்று அமெரிக்காவில் அடுத்த மருந்து அனுமதி பெற்றது 2011இல். நடுவில் 50 வருடத்துக்கு மேல். அந்த வறட்சி இப்போது நீங்கிக்கொண்டிருக்கிறது. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து மாற்றியமைத்து உடம்புக்குள் திரும்ப விடும் கார்-டி சிகிச்சையில், ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் கடும் லூப்பஸ் நோயாளிகள் சிலரை மருந்தே இல்லாமல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2024இல் அவர்கள் வெளியிட்டது 15 பேரின் விவரம், அதில் லூப்பஸ் 8 பேர். வியப்பான செய்திதான். ஆனால் 8 பேர் 8 பேர்தான். வாட்ஸ்அப்பில் ‘லூப்பஸுக்கு முழு நிவாரணம்’ என்று வந்தால் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். இதை நான் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

தோட்டத்தில் நாம் எப்படி வளர்ந்தோம்? ஆபீஸ் வாசலில் நின்று கிராணி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். என்ன தாள், எவ்வளவு பிடித்தம் என்று கேட்டால் ‘ரொம்பப் பேசுறே’ என்பார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்பதைத் தவிர நமக்குப் பேச்சில்லை. அந்தப் பழக்கத்தை நாம் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்துவிட்டோம். நாற்காலியின் நுனியில் உட்கார்வோம். டாக்டர் ‘புரிந்ததா?’ என்றால் தலையை ஆட்டுவோம். என் அம்மாவும் அப்படித்தான். அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகாது, அது மரியாதை.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஆய்வுப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வருடம். தோட்டத்தில் இருந்து ஒரு அக்கா வந்தார், உங்கள் அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர். விடியற்காலை கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் தாளைப் புரட்டிப் புரட்டி, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன் என்று பத்து நிமிடத்தில் சொல்லி முடித்து, ‘இங்க போடுங்கக்கா, இங்கயும் ஒண்ணு’ என்றேன். போட்டார். மூன்றாவது முறை ஊசிக்கு வந்தபோது கேட்டார், ‘மிஸ்ஸி, பக்கத்துக் கட்டில்ல இருக்கிற அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மருந்துதானே?’ என் கையே ஓடவில்லை. குலுக்கல் போலப் பிரிக்கிறார்கள், தனக்கு வெற்று மருந்தாகவும் இருக்கலாம் என்ற அடிப்படை விஷயமே அவருக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டரிடம் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து முதலில் இருந்து விளக்கினோம். அவர் கோபப்படவில்லை. ‘இத அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன், மிஸ்ஸி’ என்றார். பிறகு ஆய்வில் இருந்து விலகிக்கொண்டார். அவருடைய வழக்கமான சிகிச்சை அதே டாக்டரிடம் தொடர்ந்தது. அன்றிலிருந்து நான் யாரிடமும் ‘புரிந்ததா?’ என்று கேட்டதில்லை. ‘வீட்டுக்குப் போனதும் உங்க அம்மாகிட்ட இத எப்படிச் சொல்வீங்க, என்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க’ என்பேன். சொல்ல வரவில்லை என்றால் தாளை மூடிவிடுவேன்.

அதனால்தான் உங்கள் அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் வைக்கும் கையெழுத்தும், மூன்று வருடம் பார்த்தாரே என்ற நன்றிக்கு வைக்கும் கையெழுத்தும் எனக்கு ஒன்றுதான். அக்கா அவருக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. மறுத்தால் சிகிச்சை குறையாது, அப்பாயிண்ட்மென்ட் தள்ளிப்போகாது, அதே 5 ரிங்கிட்டுக்கு அதே கிளினிக்கில் பார்ப்பார்கள். இது டாக்டரின் பெருந்தன்மையைப் பொறுத்தது கிடையாது, விதி. அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். அதேபோல அம்மா அழுகிறாரே என்பதற்காக மட்டும் மறுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. லூப்பஸ் பெரும்பாலும் பெண்களைத்தான் பிடிக்கிறது, பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் இளம் வயதில். 1950களில் இந்த நோய் கண்டவர்களில் பாதிப் பேர்தான் ஐந்து வருடம் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை உள்ள இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். அந்த வித்தியாசத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களின் சம்மதம் இருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

அக்கா கேட்க வேண்டியவற்றை எனக்கு முக்கியமாகப் படும் வரிசையில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலில், ஆய்வு முடிந்த பிறகு என்ன? மருந்து நன்றாக வேலை செய்து, ஆய்வு முடிந்ததும் நின்றுபோனால் அது பெரிய மனக்கஷ்டம். ஊசி நின்ற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ‘இனி எங்க போறது மிஸ்ஸி?’ என்று கேட்டவர்கள் உண்டு. இந்த வகை ஊசிகளைச் சொந்தக் காசில் வாங்குவது தோட்டத்துச் சம்பளத்தில் நடக்காத காரியம். முடிந்த பின்னும் தொடர்ந்து தரும் ஏற்பாடு இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாள் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, ஆய்வு மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது, காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை முறை வர வேண்டும்? சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுக்கும் பரிசோதனை மறுபடி உண்டா? வழிச்செலவு பஸ் காசுக்கு மட்டுமா, போகும் நாளின் கூலி போவதற்கு ஏதாவது உண்டா? கோலப்பிலா வழியாகச் சிரம்பான் போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்கப் போய்விடும் என்பது டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்ட நிர்வாகத்துக்குக் காட்ட வருகைச் சான்று கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

அக்கா கல்யாணம் ஆனவரா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் பிள்ளைப்பேறு பற்றி அவரே தனியாக, தம்பி பக்கத்தில் இல்லாமல், மிஸ்ஸியிடம் பேச வேண்டும். மைக்கோஃபெனோலேட் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். கடும் லூப்பஸுக்குக் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு அளவு கூடினால் சினைப்பையில் உள்ள முட்டைகளையே பாதிக்கும். மருந்து ஆய்வுகளில் கர்ப்பத் தடுப்புக் கட்டாயம், மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனைகூடச் செய்வார்கள். இதை வெட்கப்பட்டு மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்தால் பாதிக்கப்படுவது அவரும் பிள்ளையும்தான்.

நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது. அம்மா காய்ச்சிக் கொடுக்கும் கஷாயமோ, பசாரில் வாங்கும் ஜாமுவோ, எதுவானாலும் பாக்கெட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டமாட்டார்கள். மூட்டு வலிக்கென்று விற்கும் சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகளே பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஆய்வு மருந்தோடு அது சேர்ந்தால் அக்காவுக்கு என்ன ஆகிறது என்று யாருக்குமே புரியாமல் போய்விடும். இன்னொன்று, அக்கா செம்பனைக் காட்டில் வேலை செய்கிறாரா? செய்தால் அதையும் டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை உடம்பின் காவலைக் குறைப்பவை. மண்ணில் இருந்து வரும் மெலியோய்டோசிஸ், எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல், முள் குத்திச் சீழ் வைப்பது, அக்கி, காசநோய் எல்லாம் நம் ஊர்ப்பக்கம் இருக்கின்றன. நகரத்து நோயாளியை மனதில் வைத்து எழுதிய தாளில் இவையெல்லாம் இருக்கும் என்று நம்ப முடியாது. காய்ச்சல் வந்தால் இரவு எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணைக் கையில் வாங்காமல் கையெழுத்து வேண்டாம்.

தாள் மலாயில்தான் கொடுத்தார்கள் என்றீர்கள். அக்காவுக்குத் தமிழ்தான் சரளம் என்றால் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்பது உரிமை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து, முழுவதும் வாசித்து விளக்கப்பட்டதைப் பார்த்து அவரும் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த பிறகு எந்த நாளிலும், காரணம் சொல்லாமல்கூட விலகலாம். ஆனால் சொல்லாமல் வராமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. விலகுகிறேன் என்று ஒரு போன் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அக்கா சேர விரும்பியும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ‘பொருந்தவில்லை’ என்று அவர்களே அனுப்பிவிடவும் கூடும். பழைய காசநோய்த் தழும்போ, மஞ்சள்காமாலைக் கிருமியோ, சிறுநீரகம் அதிகம் கெட்டிருப்பதோ காரணமாக இருக்கலாம். அப்படி நடந்தால் மனம் உடைய வேண்டாம், வழக்கமான சிகிச்சை அதற்காக நிற்காது.

அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் மூவரும் உட்கார்ந்து, தாளில் புரியாத ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். டாக்டர் முன்னால் அந்த எலிக் கேள்வியை அம்மாவே தன் வாயால் கேட்கட்டும். அவர் எப்படிப் பதில் சொல்கிறார், அம்மாவைப் பார்த்துப் பேசுகிறாரா, நேரம் கொடுக்கிறாரா என்று அக்கா கவனிக்கட்டும். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அக்கா அம்மாவுக்குத் தன் சொல்லில் சொல்லட்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. தாளில் ஏதாவது பகுதி விளங்கவில்லை என்றால், அக்காவின் பெயரையும் ஐசி எண்ணையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள். நான் வரி வரியாகத் தமிழில் எழுதித் தருகிறேன்.